நம்மள கேக்காம ஜிஎம்சி நம்ம டேட்டாவ ஆராய்ச்சிக்கு எடுக்கலாமா?

கேள்வி: வெளிநாட்டுல படிச்ச டாக்டர் நான், எங்களுக்குன்னு இருக்கிற பிளாப் பரீட்சை எழுதிட்டு இங்க பிரிட்டன்ல டிரெய்னிங்ல இருக்கேன். என் பிளாப் மார்க், ஏஆர்சிபிங்கற வருஷாந்திர டிரெய்னிங் மதிப்பீட்டு ரிசல்ட் எல்லாத்தையும், டாக்டர்களுக்கு லைசென்ஸ் குடுக்கற ஜிஎம்சி ஒரு வார்த்தை கேக்காம ஆராய்ச்சிக்குக் குடுக்கும்னு சொல்றாங்க. இது சரியா? தடுக்க முடியுமா?

பதில்: சட்டப்படி அவங்களால முடியும்ங்க. இங்க இருக்கிற டேட்டா சட்டத்துல சம்மதம்ங்கறது பல வழியில ஒண்ணு மட்டும்தான், பொதுப்பணிக்குத் தேவைன்னு சொல்லி எடுக்கறது இன்னொரு வழி. அதோட உங்க லைசென்ஸ கையில வச்சிருக்கறவங்களே வந்து சம்மதமான்னு கேட்டா எத்தனை பேரு மாட்டேன்னு சொல்லுவாங்க, அந்தக் கையெழுத்துக்கு என்ன மதிப்பு?

ஆனா சட்டம் விட்டுருச்சுன்னா நியாயமாயிடாது. 2014ல பிஎம்ஜேங்கற மருத்துவ இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு, பிளாப் வழியா வந்தவங்களோட ஏஆர்சிபி ரிசல்ட்ட இங்கயே படிச்சவங்களோடதோட ஒப்பிட்டு, பிளாப் இங்க படிச்சவங்களுக்கு வேண்டிய தரத்துக்கு சமமா இல்லைன்னு சொன்னாங்க. யார் பேரும் அதுல இல்ல, ஆனா முடிவு வெளிநாட்டுல படிச்ச அத்தனை பேர் மேலயும்தான வந்து விழுது? நோயாளி பாதுகாப்புக்கு இந்த மாதிரி ஆய்வு வேணும், அதுல எனக்கு சந்தேகமே இல்ல, ஆனா ஏஆர்சிபில மதிப்பிடறவங்ககிட்ட பாகுபாடு இருக்கான்னும் சேர்த்துப் பாக்கணும், ஆய்வுல எந்தக் கேள்விய எடுக்கணும்னு முடிவு பண்ற இடத்துல பிளாப் டாக்டர்களும் உக்காரணும். பேர எடுத்துட்டா போதும்னு நினைக்கறதுதான் பெரிய தப்பு.

இருக்கிற ரெக்கார்ட பாக்கறது வேற, நம்ம வேலையவே மாத்திப் பாக்கறது வேற. அமெரிக்காவுல ஐகம்பேர்னு ஒரு ட்ரையல், 2015ல ஆரம்பிச்சு 63 இன்டர்னல் மெடிசின் புரோகிராம்ல நடந்துச்சு, முதல் வருஷ டாக்டருக்கு இருந்த 16 மணி நேர ஷிஃப்ட் வரம்ப ஒரு பாதி புரோகிராம்களுக்கு எடுத்துட்டாங்க, அந்த வரம்ப வச்ச, டாக்டர் டிரெய்னிங்குக்கு அங்கீகாரம் குடுக்கற ஏசிஜிஎம்இ அமைப்பே அதுக்கு விலக்கு குடுத்துச்சு, டாக்டர்கள்கிட்டயும் நோயாளிங்ககிட்டயும் தனித்தனியா சம்மதம் வாங்கல. பப்ளிக் சிட்டிசன்ங்கற மக்கள் நல அமைப்பு அந்த வருஷமே அரசாங்கத்துக்கிட்ட புகார் குடுத்துச்சு. தூக்கமில்லாம வண்டி ஓட்டிட்டு வீட்டுக்குப் போறதெல்லாம் சின்ன ரிஸ்க்னு என்னால ஒத்துக்கவே முடியல.

நீங்க செய்ய வேண்டியது, ஜிஎம்சிக்கு எழுதி உங்களப் பத்தி என்னென்ன டேட்டா இருக்கு, யாருக்குக் குடுத்தாங்கன்னு கேளுங்க, காசு கிடையாது, பொதுவா ஒரு மாசத்துல பதில் வரணும். ஆராய்ச்சிக்கு ஆட்சேபணையும் எழுதலாம், பொதுநலன்னு சொல்லி மறுக்க வாய்ப்பு அதிகம்தான், ஆனா மறுத்தா காரணம் சொல்லணும். அந்தப் பதில் சரியில்லைன்னா டேட்டா சட்டத்தப் பாத்துக்கற ஐசிஓக்குப் புகார் குடுங்க, டாக்டர்கள் சங்கமான பிஎம்ஏல மெம்பரா இருந்தா லெட்டர் அனுப்பறதுக்கு முன்னாடியே அவங்ககிட்ட ஒரு தடவ காட்டிருங்க.