ரயிலின் கடைசிப் பெட்டியில் செல்லும் கார்டு (Guard; 2022 முதல் பதவிப் பெயர் 'ட்ரெயின் மேனேஜர்') வேலைக்கு எந்த ரயில்வே ஆட்சேர்ப்பு வாரியத்தில் விண்ணப்பிப்பது? சென்னையா, இடம் அதிகமுள்ள வெளிமாநிலமா, அல்லது தனியார் ரயில்களுக்குக் காத்திருக்கலாமா?

ஈரோடு, திருப்பூர் பக்கத்துப் பட்டதாரி என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன் தம்பி: சென்னைக்கே விண்ணப்பியுங்கள். ஒருவர் ஒரு வாரியத்துக்குத்தான் விண்ணப்பிக்க முடியும் என்பதால் இது சின்ன முடிவு அல்ல. அங்கே போட்டி கடுமை என்பது எனக்கும் தெரியும். அதற்குப் பயந்துதான் நான் வடக்கே ஒரு வாரியத்தில் விண்ணப்பித்து, கார்டாகப் போனேன். 11 ஆண்டுகள் போயின.

தனியார் பேச்சை விட்டுவிடுங்கள். 2022 ஜூனில் கோவையிலிருந்து சீரடிக்குத் தனியார் ஏற்பாட்டில் ரயில் புறப்பட்டபோதும் ஓட்டுநரும் கார்டும் ரயில்வே ஊழியர்கள்தான். சம்பளமும் எந்த மண்டலத்திலும் ஒன்றுதான். ஏழாவது ஊதியக் குழுவின்படி சரக்கு ரயில் கார்டுக்கு நிலை 5, தொடக்க அடிப்படைச் சம்பளம் 29,200 ரூபாய். ஓடும் தூரத்துக்கான கிலோமீட்டர் படி தனி. ஊர் மட்டும்தான் வேறு.

ஆறாம் ஆண்டில் எனக்குப் பயணிகள் ரயிலுக்குப் பதவி உயர்வு வந்தது. அதே ஆண்டு அப்பாவுக்கு முழங்கால் போயிற்று. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டார்கள். எங்கள் தோட்டத்துக்கு மடை திருப்ப ஆளில்லை. நான் ரன்னிங் ரூமில் (ரயில் ஊழியர் ஓய்வறையில்) இருந்தபடி பக்கத்துத் தோட்டத்துக்காரரைத் தொலைபேசியில் கெஞ்சிக்கொண்டிருந்தேன். தை பிறந்ததும் அப்பா தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா சொல்லித்தான் தெரிந்தது.

இடமாற்றத்துக்கு எழுதிக் கொடுத்து ஐந்து ஆண்டுகள் காத்திருந்தேன். சொந்த விருப்பத்தில் மண்டலம் மாறினால் ஆரம்பப் பதவிக்கே இறங்க வேண்டும், பணிமூப்பிலும் கடைசிக்குப் போக வேண்டும். பயணிகள் ரயிலில் இருந்தவன் ஈரோட்டுக்கு வந்து மறுபடி சரக்கு வண்டியின் பிரேக் வேனில், அதாவது கார்டு இருக்கும் கடைசிப் பெட்டியில் ஏறினேன். என்னைவிட ஒன்பது வயது இளையவர்கள் பட்டியலில் எனக்கு மேலே இருந்தார்கள்.

வெளிமாநிலத்தில் நன்றாக இருக்கும் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்த ஊரையோ மக்களையோ நான் குறை சொல்லவில்லை. காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவர் அந்த ஊர்க்காரர். தோட்டமும் வயதான பெற்றோரும் உள்ளவருக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் ஒரு பெரியவர், "கொடி ஆட்டுகிற வேலைதானே?" என்றார். வண்டி நடுவழியில் நின்றால் இருட்டில் பின்னோக்கி நடந்து, 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டரும் 1200 மீட்டரில் மூன்றும் தண்டவாளத்தில் வைப்பது கார்டுதான். பின்னால் வரும் ரயில் அதன் மேல் ஏறினால் வெடிச்சத்தம் கேட்டு ஓட்டுநர் நிறுத்துவார். மழையில், பாம்புப் புதரில், ஒற்றை விளக்கோடு நான் அப்படி நடந்திருக்கிறேன். அந்தப் பெரியவருக்கு அன்று பதில் சொல்லாமல் காபியை வைத்துவிட்டு வந்தது இன்றும் உறுத்துகிறது.

சென்னையில் தேர்வானாலும் ஈரோடு அடங்கிய சேலம் ரயில்வே கோட்டமே கிடைக்கும் என்று உறுதியில்லை. திருச்சியோ மதுரையோ போடலாம். பரவாயில்லை. அங்கிருந்து இரவு பஸ் ஏறினால் விடிவதற்குள் வீட்டில் இருப்பீர்கள்.

விண்ணப்பிக்கும் முன் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். இந்தப் பதவிக்கு ஏ-2 மருத்துவத் தகுதி வேண்டும்: கண்ணாடி இல்லாமல் இரு கண்ணிலும் 6/9 பார்வை, நிறக்குருடு கூடாது. தேர்வில் வென்று மருத்துவத்தில் திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.