அம்மாவை 'ரெண்டு கிழமைக்கு மட்டும்' முதியோர் ஹோமில் விடச் சொல்கிறார்கள்

கேள்வி: அம்மாவுக்கு 79 வயது, டிமென்ஷியா. 2004 முதல் அவர் பெயரில் உள்ள கவுன்சில் (உள்ளூராட்சி சபை) வாடகை வீட்டில் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். காலையில் மகனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவரும் அரை மணி நேரம் வெளிக்கதவைப் பூட்டிவிட்டுப் போவேன். பொய்லர் பார்க்க வந்தவர் இதைக் கண்டு அறிவித்துவிட்டார். பிறகு ஹவுசிங் ஒஃபீசர் வந்து சாமி விளக்கையும் நடையில் அடுக்கிய அரிசி மூட்டைகளையும் படம் எடுத்தார். இப்போது சோஷல் வேர்க்கர், "ரெண்டு கிழமைக்கு அம்மாவை ஹோமில் விடுங்கள், உங்களுக்கும் ஓய்வு" என்கிறார். யாருக்கும் கதவே திறக்காதே என்கிறார் கனடாவில் இருக்கும் அண்ணா. என்ன செய்வது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, லண்டன்)

பதில்: கதவைத் திறங்கள். கனடாவில் இருந்துகொண்டு அப்படிச் சொல்வது சுலபம். இங்கிலாந்தில் சோஷல் வேர்க்கருக்குத் தானாக வீட்டுக்குள் நுழையும் அதிகாரம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் 'குடும்பம் ஒத்துழைக்கவில்லை' என்று ஃபைலில் ஒரு வரி ஏறிவிட்டால், அதற்குப் பிறகு நீங்கள் எதைச் சொன்னாலும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் பொலிஸ் உள்ளே வரலாம். அதுவரை போக விடாதீர்கள்.

பூட்டு விஷயத்தில், கோபிக்காதீர்கள், நியாயம் அவர்கள் பக்கம். அடுப்பில் ஏதும் பற்றிக்கொண்டால் அம்மா எப்படி வெளியே வருவார்? நாளைக்கே நிறுத்துங்கள். அந்த அரை மணிக்கு ஓர் ஆள் வேண்டும், அதைக் கவுன்சிலிடமே கேளுங்கள். 2014ஆம் ஆண்டு கேர் அக்ட் என்ற பராமரிப்புச் சட்டத்தின்படி, அம்மாவின் தேவையைப் போலவே உங்கள் தேவையையும் அவர்கள் தனியாக மதிப்பிட வேண்டும். 'கேரர்ஸ் அசெஸ்மென்ட் வேண்டும்' என்று மின்னஞ்சலில் கேளுங்கள், ஏன் பூட்டினேன் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். ஆங்கிலம் சிரமம் என்றால் அண்ணாவை எழுதித் தரச் சொல்லுங்கள், அங்கிருந்து செய்யக்கூடிய உதவி அது. மதிப்பீட்டுக்கு வருபவரிடம் மட்டும் நம் வழக்கப்படி 'நாங்க சமாளிக்கிறம்' என்று சொல்லிவிடாதீர்கள். அதோடு உதவியும் போய்விடும்.

ஹவுசிங் ஒஃபீசர் சங்கதி வேறு. வீட்டின் நிலையைப் பார்க்க வருவதென்றால், அவசரம் இல்லாதபோது 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அரிசி மூட்டையை நடையிலிருந்து எடுத்துவிடுங்கள், அதில் வாதாட ஒன்றுமில்லை. விளக்குக்காக அம்மாவின் கும்பிடலை நிறுத்த வேண்டாம். லண்டன் தீயணைப்புப் படையினரைக் கூப்பிட்டால் இலவசமாக வந்து பார்த்து, புகை அலாரமும் பொருத்தித் தருவார்கள். அவர்கள் வந்துபோனதையும் ஒழுங்காக இருக்கும் நடையின் படத்தையும் ஹவுசிங்குக்கு அனுப்பிவிடுங்கள்.

இனி அந்த ரெண்டு கிழமை. 2009 டிசம்பர் கடைசியில் மார்க் நியரி என்ற தகப்பன், தனக்குச் சுகமில்லாததால், ஆட்டிசம் உள்ள மகன் ஸ்டீவனைச் சில நாட்களுக்கு ரெஸ்பைட்டில் (பராமரிப்பவருக்கு ஓய்வு கொடுக்கத் தற்காலிகமாகத் தங்கவைக்கும் இடத்தில்) விட்டார். லண்டனின் ஹில்லிங்டன் கவுன்சில் மகனைத் திருப்பி அனுப்பவில்லை. அவர் வீடு திரும்ப ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. அப்படி வைத்திருந்தது சட்டவிரோதம், குடும்ப வாழ்வுக்கான உரிமையையும் மீறியது என்று 2011இல், தானே முடிவெடுக்க முடியாதவர்களின் விவகாரங்களை விசாரிக்கும் கோர்ட் ஒஃப் புரொடெக்‌ஷன் தீர்ப்பளித்தது. எல்லா ரெஸ்பைட்டும் இப்படி முடிவதில்லை. உங்களுக்கு ஓய்வு தேவை என்பதும் கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் எந்த ஹோம், எந்தத் தேதியில் வீடு திரும்புவார் என்பதை எழுத்தில் வாங்காமல் அம்மாவின் உடுப்பை அடுக்காதீர்கள்.

அது சரி, அம்மாவிடம் யாராவது கேட்டார்களா? 2005ஆம் ஆண்டு மென்டல் கெபாசிட்டி அக்ட் (முடிவெடுக்கும் திறன் பற்றிய சட்டம்), ஒருவரால் முடிவெடுக்க முடியாது என்று நிறுவப்படும்வரை முடியும் என்றே கொள்ளச் சொல்கிறது. டிமென்ஷியா என்ற பெயர் மட்டும் போதாது. கேள்வியும் அவருக்கு விளங்குகிற விதத்தில் வர வேண்டும், அதாவது தமிழில். நீங்கள் மொழிபெயர்க்கப் போகாதீர்கள், 'மகளின் பதில்' என்பார்கள். கவுன்சிலே ஆள் ஒழுங்கு செய்யட்டும், யாழ்ப்பாணப் பேச்சு விளங்குகிறவராகக் கேளுங்கள். அம்மா எந்த நேரத்தில் தெளிவாக இருப்பார் என்பது உங்களுக்குத்தான் தெரியும், அந்த நேரத்துக்கு வரச் சொல்லுங்கள். பலருக்குப் பின்னேரமானால் குழப்பம் கூடும். அவரால் முடிவெடுக்க முடியாது என்றே வந்தாலும், அவர் நலனுக்கு எது நல்லது என்று தீர்மானிக்கும்போது, பராமரிக்கும் உங்களையும் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் கவுன்சிலில் முறைப்பாடு கொடுங்கள், அங்கும் சரிவராவிட்டால் இப்படியான முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், அதற்குக் காசு கட்டத் தேவையில்லை.

நீங்கள் எழுதாவிட்டாலும் வீட்டைப் பற்றிய பயமும் இருக்கும். ரெண்டு கிழமை போய்வருவதால் வீடு போய்விடாது. நிரந்தரமாக ஹோமுக்குப் போனால்தான் சிக்கல், ஏனென்றால் அம்மா உயிரோடு இருக்கையில் வாரிசு உரிமை என்ற பேச்சே வராது. 2012 ஏப்ரலுக்கு முன் கொடுத்த செக்யூர் டெனன்சி (கவுன்சில் வீட்டில் நிலையாகக் குடியிருக்கும் வாடகை உரிமை) என்றால், அம்மாவின் காலத்துக்குப் பிறகு, கடைசி 12 மாதம் கூடவே வசித்த பிள்ளைக்கு அது வரலாம். ஆனால் ஒரே ஒரு தடவைதான். தொடக்கத்தில் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து எடுத்து, அப்பா இறந்தபின் அம்மாவுக்கு வந்திருந்தால், அந்த ஒரு தடவை ஏற்கெனவே முடிந்துவிட்டது. 2004 ஒப்பந்தத்தில் யார் யார் கையெழுத்து இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதை எடுத்துக்கொண்டு, இலவசமாக ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸுக்குப் போங்கள்.