ஆரம்பப் பிரிவில் இல்ல முறை: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: சேர், எங்கள் பாடசாலையில் பிள்ளைகளை நிறவாரியாக அணிகளாகப் பிரிக்கும் இல்லங்கள் விளையாட்டுப் போட்டிக்கு மட்டுந்தான். இதனால் சின்னப் பிள்ளைகளுக்கு என்ன பயன்?

பதில்: முதலாம் தவணையில் போட்டி முடிந்ததும் கொடியைச் சுருட்டி வைத்தால் பயன் குறைவுதான். வகுப்பறையில் பிள்ளை தன் வயதுக்காரரோடு மட்டுமே பழகும். தரம் 1 பிள்ளையும் தரம் 5 பிள்ளையும் ஒரே பக்கம் நிற்பது இல்லத்தில்தான். இங்கிலாந்து விடுதிப் பாடசாலைகளில் பிள்ளைகள் உண்மையாகவே அந்தந்த இல்லத்தில் வசித்தார்கள். நம்மிடம் வந்தது பெயர் மட்டும். ஆகவே பழக நாம்தான் நேரம் ஒதுக்க வேண்டும். மாதம் ஒருமுறை 30 நிமிடம் போதும். தரம் 5 பிள்ளைக்கு ஒரு தரம் 1 பிள்ளையைச் சோடியாக்கி, கதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். மைதானத்தில் தரத்துக்கு ஒருவராக ஐவர் ஓடும் அஞ்சலோட்டம் வையுங்கள்.

கேள்வி: சீட்டுக் குலுக்கிப் பிரிக்கலாமா?

பதில்: வேண்டாம். நல்ல ஓட்டக்காரர் எல்லாம் ஒரே இல்லத்தில் விழுந்துவிட்டால் ஐந்து வருடத்துக்கு அதே இல்லம்தான் வெல்லும். தரவாரியாக ஆண், பெண் பட்டியலைத் தனித்தனியே எடுத்து, திறமைப்படி வரிசையாக்குங்கள். நான்கு இல்லம் என்றால், முதல் நால்வரை 1, 2, 3, 4ஆம் இல்லங்களுக்கும் அடுத்த நால்வரை 4, 3, 2, 1 என்ற வரிசையிலும் போடுங்கள். எப்போதும் 1இலிருந்தே தொடங்கினால் முதல் இல்லத்துக்கு ஒவ்வொரு சுற்றிலும் கெட்டிக்காரர் போய்ச் சேர்வார். சகோதரர்களைப் பிரிக்காதீர்கள், ஒரே வீட்டில் இரண்டு நிறம் பெற்றோருக்கும் செலவு. இடையில் சேரும் பிள்ளை, தன் தரத்தில் ஆள் குறைந்த இல்லத்துக்கு.

கேள்வி: ஒரு இல்லத்தில் 31 பேர், இன்னொன்றில் 28 பேர். புள்ளியை எப்படி ஒப்பிடுவது?

பதில்: தலைக்கு வகுத்துப் பாருங்கள். நீலம் 31 பேர், 186 புள்ளி என்றால் தலைக்கு 6. பச்சை 28 பேர், 182 புள்ளி என்றால் 6.5. வென்றது பச்சை.

கேள்வி: சில ஆசிரியர்கள் புள்ளியை அள்ளிக் கொடுக்கிறார்கள், ரீச்சர்மாரிடையே மனக்கசப்பு.

பதில்: ஒரு ஆசிரியருக்கு வாரம் 10 புள்ளி என்று வரம்பு வையுங்கள். எதற்கு என்பதை ஒரு வரியில் எழுதவேண்டும்: நூல் திருப்பிக் கொடுத்தது, வகுப்புக் கூட்டியது, தொடர்ந்து ஐந்து நாள் வரவு. குழப்படிக்குப் புள்ளி வெட்டவே வேண்டாம். வெட்டினால் மற்றப் பிள்ளைகள் அந்தப் பிள்ளையைத்தான் திட்டுவார்கள், பழக்கம் திருந்தாது. தவணைக்கொருமுறை பூச்சியத்திலிருந்து தொடங்குங்கள். பின்தங்கிய இல்லம் வருட நடுவிலேயே கைவிட்டுவிடுவதற்கு, பழைய புள்ளி சேர்ந்துகொண்டே போவதுதான் காரணம்.

கேள்வி: இல்ல நிற ரீசேர்ட் கட்டாயமா?

பதில்: இல்லை. மணிக்கட்டில் ஒரு நிற நாடா போதும். இல்ல அலங்காரத்துக்கும் எல்லோருக்கும் ஒரே தொகையை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையேல் போட்டி பெற்றோரின் பணப்பைகளுக்கிடையேதான் நடக்கும்.

கேள்வி: மொத்தமே 48 பிள்ளைகள். நான்கு இல்லம் வேண்டுமா?

பதில்: இரண்டு போதும். நான்காகப் பிரித்தால் ஒரு தரத்தில் இல்லத்துக்கு இரண்டு, மூன்று பேர்தான். அதே பிள்ளை எல்லா நிகழ்ச்சியிலும் ஓடிக் களைத்துவிடும்.