தாத்தாவின் உளிகளில் ஏறிய துருவை நீக்குவது எப்படி?

கேள்வி: தச்சு வேலை பார்த்த என் தாத்தாவின் கருவிப் பெட்டியைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு திறந்தேன். உளிகள், இழைப்புளித் தகடு, கைரம்பம், குறடு என எல்லாமே துருவேறிக் கிடக்கின்றன. எங்கள் வீடு நாகப்பட்டினத்தில், கடற்கரைக்கு அருகில் இருக்கிறது. கழிப்பறை கழுவும் ஆசிட்டில் போட்டால் ஒரு மணி நேரத்தில் துரு போய்விடும் என்கிறார்கள். அப்படிச் செய்யலாமா? இவற்றை மறுபடியும் வேலைக்குப் பயன்படுத்த முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். ஆனால் அந்த ஆசிட் மட்டும் வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துருவைக் கரைப்பதோடு நிற்காமல் அடியிலுள்ள நல்ல எஃகையும் அரிக்கும். அப்போது வெளிப்படும் ஹைட்ரஜன், கடினப்படுத்தப்பட்ட எஃகினுள் புகுந்து அதை எளிதில் உடையக் கூடியதாக ஆக்கிவிடலாம். கொட்டாப்புளியால் அடி வாங்கும் உளியின் முனை தெறித்தால் கண்ணுக்கே ஆபத்து. அமிலத்தின் ஆவி பட்டு, அதே அறையிலிருக்கும் மற்ற இரும்புச் சாமான்களும் துருப்பிடிக்கத் தொடங்கும்.

எந்த முறையைக் கையாள்வதானாலும் முதலில் கருவிகளை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கடற்காற்றில் வந்த உப்பு துருவுக்குள் தங்கியிருக்கும். அது இருக்கும்வரை எத்தனை முறை தேய்த்தாலும் துரு திரும்ப வரும். ஈரத்தைத் துடைத்து உலர்த்தியபின், மண்ணெண்ணெய் அல்லது டர்பன்டைன் நனைத்த துணியால் பழைய எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிட்டு, வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். விரலில் செம்பழுப்பாக ஒட்டும் பொடிதான் நீக்க வேண்டிய துரு. வழவழப்பாக, தகட்டோடு ஒட்டிய கருமை தெரிந்தால் அதை விட்டுவிடலாம். அது இரும்பின் இன்னொரு வகை ஆக்சைடு, பொரிந்து உதிராது. பழைய கருவியைப் புதிதுபோல் பளபளக்க வைக்க வேண்டும் என்ற ஆசையில் பலர் அந்தக் கருமையையும் தேய்த்தெடுத்து, தேவையில்லாமல் எஃகை இழக்கிறார்கள்.

மேலோட்டமான துருவுக்கு எந்த அமிலமும் தேவையில்லை. தையல் இயந்திர எண்ணெயை ஊற்றி ஒரு மணி நேரம் ஊறவிட்டு, பழைய சவர பிளேடைத் தகட்டின் மேல் ஏறக்குறையப் படுத்தினாற்போல் பிடித்துச் சுரண்டினால், துரு சேறுபோலத் திரண்டு வந்துவிடும். எஞ்சியதை 320 எண் எமரித் தாளால், எண்ணெய் விட்டே, நீளவாக்கில் தேய்த்தால் போதும். கைரம்பத்துக்கு இந்த ஒரு முறைதான் ஏற்றது. அதன் தகடு மெல்லியது என்பதோடு, செய்தவர்களின் முத்திரை மிக ஆழமின்றிப் பொறிக்கப்பட்டிருக்கும். அமிலத்தில் ஊறவைத்தாலோ முரட்டுத் தாளால் தேய்த்தாலோ அது அழிந்துபோகும்.

உளியிலும் இழைப்புளித் தகட்டிலும் துரு தடித்திருந்தால் வினிகரோ சிட்ரிக் அமிலமோ உதவும். கடையில் கிடைக்கும் சமையல் வினிகரை அப்படியே பயன்படுத்தலாம். சிட்ரிக் அமிலத் தூளானால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் போதுமானது. இழைப்புளியின் ஆப்பைத் தட்டித் தகட்டைக் கழற்றிக்கொள்ளுங்கள். மரக்கட்டையை நனைக்கக் கூடாது. உலோகம் முழுவதும் கரைசலுக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், கரைசலின் மேல்மட்டம் படும் இடத்தில் ஒரு கோடாக அரித்துவிடும். பிடி கழலாத உளியானால், வினிகரில் நனைத்த துணியை உலோகப் பகுதியில் மட்டும் சுற்றி, மேலே பிளாஸ்டிக் தாளால் மூடி வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துப் பாருங்கள். துரு போனதும் நிறுத்திவிட வேண்டும், ஓர் இரவுக்கு மேல் ஊறவிடக் கூடாது. பித்தளைப் பாத்திரம் துலக்குவதுபோல் புளியும் உப்பும் சேர்த்துத் தேய்க்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. புளி மட்டுமென்றால் மெதுவாக வேலை செய்யும்; உப்போ இரும்புக்குப் பகை.

கரைசலிலிருந்து எடுத்தபின் வரும் பத்து நிமிடங்களைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். அமிலம் பட்ட எஃகு சாம்பல் நிறத்தில் திறந்து கிடக்கும். ஈரத்தோடு விட்டால் கண்முன்னாலேயே மெல்லிய ஆரஞ்சுப் படலம் படரும். எனவே, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்துத் தயாராக வைத்திருந்து, எடுத்த உடனே அதில் அலசுங்கள். அடுத்து வெந்நீரில் ஒருமுறை முக்கி எடுத்தால் உலோகம் சூடேறித் தானே உலரும். துணியால் துடைத்து, வெதுவெதுப்பு ஆறுமுன் எண்ணெய் பூசிவிடுங்கள்.

சலவைச் சோடா கரைத்த நீரில், 12 வோல்ட் பேட்டரி சார்ஜரைக் கொண்டு மின்சாரம் செலுத்தித் துருவைக் கழற்றும் முறையும் உண்டு. கடப்பாரை, மண்வெட்டி போன்ற கனமான இரும்புக்கு அது சிறந்தது. ஆனால் அங்கும் ஹைட்ரஜன் வருவதால், கடினப்படுத்திய உளிக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. செய்பவர்கள் திறந்த வெளியில் செய்யுங்கள். கருவியை எதிர்முனையிலும், வேண்டாத சாதாரண இரும்புத் துண்டை நேர்முனையிலும் இணைக்க வேண்டும். நேர்முனையில் எவர்சில்வரை வைத்தால் நச்சுத்தன்மையுள்ள குரோமியச் சேர்மங்கள் நீரில் கலக்கும்.

சாணை எந்திரத்தையும் தவிருங்கள். வெட்டும் விளிம்பு சூடேறி நீலம் பூத்தால் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டது என்று பொருள். கொல்லர் ஏற்றிய பதம் அந்த இடத்தில் போய்விடும், அதற்குப் பின் எவ்வளவு தீட்டினாலும் கூர்மை நிற்காது.

துரு போன பிறகு உளியின் தட்டையான முதுகைப் பாருங்கள். நடுப்பகுதியில் உள்ள குழிகளால் கெடுதல் இல்லை. விளிம்பை ஒட்டிக் குழி இருந்தால், அந்த இடத்தில் கூர்முனை பல்பல்லாக உடைந்து வரும். மரத்தில் ஒவ்வொரு சீவலிலும் கோடு விழும். முனையிலிருந்து 2 சென்டிமீட்டர் அளவுக்கு முதுகைத் தீட்டுக்கல்லில் சமமாகப் படியவைத்துத் தேய்த்தால் ஆழமில்லாத குழிகள் மறைந்துவிடும். ஆழமாக இருந்தால், குழியைத் தாண்டும்வரை முனையைக் கையால் கல்லில் தேய்த்துப் பின்தள்ளுவதே வழி. அதற்குப் பொறுமை வேண்டும், ஆனால் நல்ல எஃகு அந்த உழைப்புக்குத் தகுதியானது. குறடுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. கீலில் எண்ணெய் விட்டுத் திறந்து மூடிக்கொண்டே இருந்தால் இளகிவிடும்.

பாதுகாப்புக்குத் தேங்காய் எண்ணெயையும் நல்லெண்ணெயையும் நம்பாதீர்கள். முன்னது நாளடைவில் சிக்கடிக்கும், பின்னது பிசினாகும். தையல் இயந்திர எண்ணெயோ வாசலினோ நல்லது. பெட்டிக்குள் சாக்கும் தோலும் வேண்டாம், இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். உங்கள் ஊரில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து, கைபட்ட இடங்களைத் துடைத்து எண்ணெயைப் புதுப்பியுங்கள். வியர்வையிலும் உப்பு உண்டு.