பணக்கார இளம் விளையாட்டு வீரர்கள் பொதுச் சாலையில் ஏன் இப்படிக் கார் ஓட்டுகிறார்கள்? அவர்களை விளையாடவே விடக் கூடாதா?

கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. கோடி கோடியாகச் சம்பாதிக்கும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பையன்கள் எதற்காக ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொண்டு நடுரோட்டில் பறக்கிறார்கள் என்பது ஒன்று. அப்படி ஓட்டிப் பிடிபட்டால் அவர்களுடைய ஆட்டத்தையே நிறுத்திவிட வேண்டாமா என்பது இன்னொன்று. எனக்கு நன்றாகத் தெரிந்தது அமெரிக்கக் கால்பந்து, அதாவது என்எஃப்எல். அதை வைத்தே சொல்கிறேன். நான் டாலஸுக்கு வடக்கே ரிச்சர்ட்சனில் இருக்கிறேன், வேலைக்குப் போவதும் வருவதும் யூஎஸ் 75 நெடுஞ்சாலையில்தான். அதனால் இது எனக்கு டிவியில் பார்த்துவிட்டு மறந்துபோகிற சமாச்சாரம் இல்லை.

2024 மார்ச் 30, சனிக்கிழமை, ஈஸ்டருக்கு முந்தைய நாள் சாயங்காலம். கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணியின் ரஷீ ரைஸ் அந்தச் சாலையில் லம்போர்கினி உருஸ் ஓட்டிக்கொண்டு போனார். கூடவே ஒரு கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார், அதை ஓட்டியது அவர் படித்த எஸ்எம்யூ பல்கலைக்கழக அணியின் வீரர். ரைஸுக்கு அப்போது 23 வயது. முதல் சீசனிலேயே என்எஃப்எல் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் ஜெயித்து ஏழு வாரம்கூட ஆகவில்லை. லம்போர்கினியின் வேகம் மணிக்கு 119 மைல், நம் கணக்கில் 191 கிலோமீட்டர். ஈஸ்டர் வார இறுதிப் போக்குவரத்துக்குள் அப்படி வளைந்து வளைந்து முந்திக்கொண்டு போனதில் கட்டுப்பாடு போய், ஆறு வண்டிகள் ஒன்றோடொன்று மோதின. பலருக்குக் காயம். பின்னால் வந்த ஒரு காரின் முன்கண்ணாடிக் கேமராவில் எல்லாமே பதிவாகியிருக்கிறது. அந்த வீடியோவில் எனக்கு மோதலைவிட அதற்குப் பிறகு வருவதுதான் தாங்கவில்லை. நொறுங்கிய கார்களிலிருந்து இறங்கிய இளைஞர்கள், அடிபட்டவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்றுகூட எட்டிப் பார்க்காமல், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து போய்விடுகிறார்கள்.

அந்த இடம் எஸ்எம்யூவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அவர் நான்கு வருஷம் படித்து விளையாடிய பேட்டை, வழி தெரியாத ஊர் இல்லை. சாயங்கால நேரத்தில் அங்கே எப்படி வண்டி அடைத்துக்கொண்டு நிற்கும் என்பது டாலஸில் ஒரு மாதம் இருந்தவருக்கே தெரியும். குழந்தையைப் பின்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு நாங்கள் அந்த வழியாகத்தான் போகிறோம். இந்த மாதிரி கார்கள் கண்ணில் படுவதற்கு முன்பே சத்தம் வந்துவிடும். கண்ணாடியில் பார்ப்பதற்குள் பக்கத்து லேனில் இருக்கும், என் மனைவி கை தன்னால் கதவுக் கைப்பிடிக்குப் போகும்.

சரி, ஏன் ஓட்டுகிறார்கள்? "வயசு அப்படி, காசு அப்படி" என்று எல்லோரும் சொல்வதில் பாதி உண்மை. ஆனால் அதே வயதில் அதே காசோடு ஒழுங்காக ஓட்டுகிற வீரர்கள்தான் அதிகம். மீதிப் பாதிக்கு ஹென்றி ரக்ஸின் கதையைச் சொல்ல வேண்டும்.

ரக்ஸ் என்எஃப்எல்லின் லாஸ் வேகாஸ் ரெய்டர்ஸ் அணியில் இருந்தவர். 2020இல், கல்லூரி வீரர்களை அணிகள் முறை போட்டு எடுக்கும் வீரர் தேர்வுக்கு முன் நடக்கும் சோதனையில் 40 கஜத்தை 4.27 நொடியில் ஓடினார், அந்த வருஷத்தில் அதுதான் மிக வேகம். தேர்வில் 12ஆவது ஆளாக எடுத்தார்கள். அவருடைய பள்ளிக்கூட உயிர் நண்பன் 2016இல் ஒரு கார் விபத்தில் இறந்துபோனவன். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை டச்டவுன் அடிக்கும்போதும் அந்த நண்பனின் நினைவாக மூன்று விரலை உயர்த்திக் காட்டுவார். கார் விபத்து என்றால் ஒரு குடும்பத்துக்கு என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர்தான் 2021 நவம்பர் 2 அதிகாலையில், குடித்துவிட்டு, 45 மைல் எல்லையுள்ள ஊர்ச் சாலையில் கார்வெட்டை 156 மைல் வேகத்தில் ஓட்டினார். 251 கிலோமீட்டர். முன்னால் போன டொயோட்டா ஆர்ஏவி4இன் பின்பக்கம் மோதியபோது வேகம் 127 மைல். அந்தக் கார் தீப்பிடித்து, அதற்குள் இருந்த 23 வயதுப் பெண்ணும் அவளுடைய நாயும் வெளியே வர முடியாமல் இறந்தார்கள். ரக்ஸின் ரத்தத்தில் ஆல்கஹால் 0.161 சதவீதம், நெவாடா மாநிலச் சட்ட எல்லையைப் போல இரண்டு மடங்கு. அணி அன்று இரவே அவரை நீக்கியது. 2023இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார், 3 முதல் 10 ஆண்டு சிறை.

இதில் என்னை உறுத்துவது என்னவென்றால், அவர் குடித்துவிட்டு வண்டியெடுக்க எந்த அவசியமும் இல்லை. கூப்பிட்டால் டிரைவர் வருவார். வீரர்கள் சங்கம் 2013லேயே ஊபரோடு ஏற்பாடு செய்து வைத்திருந்தது. புத்தி சொல்ல ஆள் இல்லாமலும் இல்லை, ஒவ்வொரு அணியும் புதிதாக வரும் பையன்களை உட்கார வைத்துக் குடி, கார், பணம் என்று வகுப்பே நடத்துகிறது. நண்பனைப் பறிகொடுத்த துக்கமும் இருந்தது. இவ்வளவு இருந்தும் கால் ஆக்ஸிலேட்டரை மிதித்தது. அதனால்தான் "விழிப்புணர்வு வேண்டும்" என்று யாராவது சொன்னால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

ஜார்ஜியா பல்கலைக்கழகத்திலும் இதையே பார்க்கலாம். 2023 ஜனவரி 15, தேசிய சாம்பியன் பட்டத்தைக் கொண்டாடிய ராத்திரி, இரண்டு வண்டிகள் போட்டி போட்டுக்கொண்டு போனதில் ஒரு வீரரும் அணியின் ஊழியர் ஒருவரும் இறந்தார்கள். இறந்தவன் அவர்களோடு ஒரே அணியில் விளையாடிய பையன். அதற்குப் பிறகும் அந்த அணி வீரர்கள் வேகத்துக்காகப் பிடிபட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். போட்டியில் ஓட்டிய இன்னொருவர் ஜேலன் கார்ட்டர். அவருக்கு 12 மாதம் நன்னடத்தைக் கண்காணிப்பு, 1,000 டாலர் அபராதம், 80 மணி நேரச் சமூக சேவை. அந்த ஏப்ரலிலேயே பிலடெல்பியா ஈகிள்ஸ் அவரை ஒன்பதாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது.

என் கருத்தில் இவர்களுடைய திறமையே இவர்களை ஏமாற்றுகிறது. சின்ன வயதிலிருந்து மற்றவர்களைவிட வேகமாகப் பார்த்து, வேகமாக முடிவெடுத்து, அதற்காகவே கைதட்டு வாங்கி வளர்ந்தவர்கள். மைதானத்தில் அது உண்மையும்கூட. ஆனால் 156 மைல் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 70 மீட்டர் போகிறது. முன்னால் ஒரு வண்டி இருக்கிறது என்று கண்ணில் பட்டு, மூளைக்குப் போய், கால் பிரேக்கைத் தொட ஒன்றரை நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், வேகம் கொஞ்சமும் குறையாமல் 105 மீட்டர் போய்விடும். அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் கோல் கோட்டிலிருந்து கோல் கோடு வரைக்கும் 91 மீட்டர்தான். எவ்வளவு சுறுசுறுப்பான ஆளாக இருந்தாலும் அதில் அரை நொடியை மிச்சம் பிடிக்கலாம், அவ்வளவுதான். அப்புறம் மோதலின் பலம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 45இல் போக வேண்டிய இடத்தில் 156 என்றால் வேகம் மூன்றரை மடங்கு, ஆற்றல் 12 மடங்கு. இதைக் கட்டுப்படுத்தும் உடம்பு எந்த வீரனுக்கும் கிடையாது.

வண்டியும் அதற்கேற்றபடி வந்துவிட்டது. முன்பெல்லாம் இந்த வேகத்துக்குப் போக வண்டியோட்டத் தெரிந்திருக்க வேண்டும். இப்போது 2,200 கிலோ எடையுள்ள உருஸ் மூன்றரை நொடி சொச்சத்தில் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும், உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு ஹாலில் சோபாவில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அதை வாங்கக்கூட வேண்டாம், டாலஸில் நாள் வாடகைக்கே கிடைக்கிறது. 2021 ஜூலையிலிருந்து கல்லூரி வீரர்களும் தங்கள் பெயரை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று ஆன பிறகு இது இன்னும் இளம் வயதுக்கு இறங்கிவிட்டது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் விளையாடும்போதே பிஜான் ராபின்சனுக்கு ஆஸ்டின் லம்போர்கினி ஷோரூமோடு ஒப்பந்தம் இருந்தது. அவர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை, அவர் எதுவும் செய்யவில்லை. இருபது வயதில் இந்தச் சாவி கைக்கு வருவது இன்று சகஜம் என்பதற்காகச் சொல்கிறேன்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் நினைப்பது, மோதாத வரை இவர்களுக்கு ஒன்றுமே ஆவதில்லை என்பதை. 2023 ஜூலையில் மின்னசோட்டா வைகிங்ஸின் புது வீரர் ஜோர்டன் ஆடிசன், 21 வயது, 55 மைல் எல்லையில் 140 மைல் போனார். அதுவும் உருஸ்தான். நாய்க்கு உடம்பு சரியில்லை, அவசரம் என்று போலீஸிடம் காரணம் சொன்னார். கடைசியில் அபராதம் 686 டாலர். அவருடைய ஒப்பந்தம் கோடி டாலருக்கு மேல். கிளீவ்லாண்ட் அணியின் மைல்ஸ் காரெட் 2022இல் போர்ஷே காரைக் கவிழ்த்துக் காயத்தோடு தப்பியவர், 2025 ஆகஸ்டில் 60 மைல் எல்லையில் 100 மைல் போய் மறுபடி அபராத டிக்கெட் வாங்கினார். என்னை மாதிரி மாதச் சம்பளக்காரனுக்கு 300 டாலர் டிக்கெட் வந்தால் அந்த மாதம் முழுக்க நினைவிருக்கும், இன்சூரன்ஸ் ஏறும், வீட்டில் திட்டு விழும். இவர்களுக்கு அது சாப்பிட்ட இடத்தில் வைக்கும் டிப்ஸ். பின்லாந்தில் அபராதத்தை வருமானத்தை வைத்துப் போடுகிறார்கள். 2023இல் ஒரு பணக்காரத் தொழிலதிபருக்கு 50இல் 82 கிலோமீட்டர் போனதற்கு 1,21,000 யூரோ விதித்தார்கள். அது நியாயம் என்று நான் நினைக்கிறேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் "கறுப்பினப் பையன் கையில் விலை உயர்ந்த கார்" என்கிற வெறுப்பும் சேர்ந்து வரும், அமெரிக்காவில் அது நிஜம். அதனால் யார் என்று பார்க்காமல் வேகத்தை மட்டும் பார்க்க வேண்டும். ரியல் மாட்ரிட் சாக்கர் அணியில் இருந்த பென்சிமா 100 எல்லையில் 216 கிலோமீட்டர் போனதற்கு ஸ்பெயினில் எட்டு மாதம் உரிமத்தைப் பறித்து 18,000 யூரோ அபராதம் போட்டார்கள். கணக்கு எல்லோருக்கும் ஒன்றுதான்.

ரசிகர்களான நம்மையும் சொல்ல வேண்டும். ரைஸ் விபத்துக்குப் பின் திங்கட்கிழமை, நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி கட்டி விளையாடும் எங்கள் ஆபீஸ் ஃபேன்டசி லீக் குரூப்பில் வந்த முதல் கேள்வி, "எத்தனை மேட்ச் தடை வரும்?" இரண்டாவது, "இவனை வைத்துக்கொள்வதா, விடுவதா?" அடிபட்டவர்களைப் பற்றி யாரோ கேட்டபோது அதற்குக் கீழே ஒரு பதிலும் இல்லை. நல்ல மனிதர்கள்தான், தினமும் அதே 75இல் வருகிறவர்கள்தான். ரைஸ் 2025 ஜூலையில் இரண்டு குற்றங்களை ஒப்புக்கொண்டார். 30 நாள் சிறை, ஐந்தாண்டு கண்காணிப்பு, காயம்பட்டவர்களின் மருத்துவச் செலவுக்கு சுமார் 1,15,000 டாலர். கண்காணிப்பை ஒழுங்காக முடித்துவிட்டால் குற்றத் தீர்ப்பே இருக்காது. லீக் போட்ட தடை ஆறு மேட்ச். குரூப்பில் அந்த ஆறுதான் பேச்சு.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. ஆயுளுக்கும் தடை போடு என்று நான் சொல்ல மாட்டேன். ஆளைக் கொன்றவருக்குக் கோர்ட் இருக்கிறது. எனக்கு வேண்டியது மோதுவதற்கு முன்னால், அந்த 140 மைல் டிக்கெட் வருகிற அன்றைக்கே ஏதாவது நடக்க வேண்டும். இந்த அணிகளுக்கு அது முடியாத காரியமே இல்லை. என்எஃப்எல் வீரர்களின் தோள் கவசத்துக்குள் சிப் வைத்து, ஒவ்வொரு ஆட்டத்திலும் ஆள் எவ்வளவு வேகத்தில் ஓடினான் என்று துல்லியமாக அளக்கிறார்கள். எடை ஒரு கிலோ ஏறினால் தெரியும். காயம் வரக்கூடிய ஆபத்தான காரியங்களைக் கிளப்பின் அனுமதி இல்லாமல் செய்யக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. கூடைப்பந்தில் சிகாகோ புல்ஸின் ஜே வில்லியம்ஸ் 2003இல் பைக் விபத்தில் ஆட்ட வாழ்க்கையையே இழந்தபோது, பைக் ஓட்டுவது ஒப்பந்தத்தை மீறியது என்றுதான் பேசினார்கள். பைக் ஆபத்து என்று எழுதத் தெரிந்தவர்களுக்கு 150 மைலில் போகும் காரை எழுதத் தெரியாதா?

என் ஆசை இதுதான்: 100 மைலுக்கு மேல் ஒரு டிக்கெட் வந்தால், அந்த வீரர் ஓட்டும் எல்லா வண்டியிலும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தின பிறகுதான் அடுத்த மேட்ச். பணம் இவர்களுக்கு உறைக்காது, மைதானத்துக்கு வெளியே உட்காருவது உறைக்கும். சாலையின் எல்லையைத் தெரிந்துகொண்டு அதற்கு மேல் வண்டியைப் போக விடாத கருவிகள் கற்பனை இல்லை. வர்ஜீனியா மாநிலம் 2025இல் சட்டமே கொண்டுவந்தது, 100 மைலுக்கு மேல் ஓட்டியவர்களுக்கு நீதிபதி அதைப் பொருத்தச் சொல்லலாம். ஐரோப்பாவில் 2024 ஜூலையிலிருந்து புதுக் கார்களில் எச்சரிக்கிற வகையாவது கட்டாயம். லீக் நினைத்தால் மாநிலத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், வீரர்கள் சங்கத்தோடு உட்கார்ந்து அடுத்த ஒப்பந்தத்தில் சேர்த்துவிடலாம். சங்கம் எதிர்க்கும், தனிப்பட்ட வாழ்க்கை என்று சொல்லும். மற்றவர்கள் வண்டி ஓட்டும் பொதுச் சாலை தனிப்பட்ட வாழ்க்கையில் வராது.

அதுவரைக்கும், இந்த ஊரில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பின்னால் அப்படி ஒன்று வருவது தெரிந்தால் பதறி லேன் மாற்றாதீர்கள். அவர்கள் நீங்கள் நேராகப் போவீர்கள் என்று நினைத்துத்தான் இடைவெளியைக் கணக்குப் போடுகிறார்கள். அதே லேனில், அதே வேகத்தில் போங்கள், பந்தயத்துக்குப் போகாதீர்கள், பக்கத்தில் இருப்பவரை வீடியோ எடுக்கச் சொல்லாமல் அவசர உதவி எண் 911ஐ அழைக்கச் சொல்லுங்கள். எந்தத் திசை, எந்த எக்ஸிட்டைத் தாண்டினீர்கள், என்ன நிற வண்டி என்று சொன்னால் போதும், முன்னால் இருக்கும் ரோந்து வண்டிக்குத் தகவல் போகும்.