டம்பெல்லுக்குப் பயம், குடத்துக்குப் பயமில்லையா?

கேள்வி: எனக்கு 46 வயது. வீடியோ பார்த்து, 2 கிலோ டம்பெல் ஒரு ஜோடி வாங்கி வீட்டிலேயே உடற்பயிற்சி செய்துவந்தேன். மூன்று மாதத்தில் இரண்டு முறை இடுப்பு பிடித்துக்கொண்டது. இடது தொடையின் பின்பக்கம் சில சமயம் சுள்ளென்று இழுக்கிறது. எம்.ஆர்.ஐ.யில் எல்4-எல்5 டிஸ்க் (கீழ்முதுகில் இரண்டு எலும்புகளுக்கு நடுவில் மெத்தை போல இருப்பது) பிதுங்கியிருக்கிறதாம். குனிந்தால் முதுகில் 'கடக்' என்று சத்தம் வேறு. நாள் முழுக்க பெல்ட் போட்டிருக்கிறேன். பயிற்சிக்கு முன்னால் ஒரு வலி மாத்திரை போட்டுக்கொள்வேன். ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். இப்படியே போனால் கால் செயலிழந்துவிடும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. டம்பெல்லை எடுத்து யாருக்காவது கொடுத்துவிடட்டுமா? - வாசகி, ஈரோடு

பதில்: கொடுக்க வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், கால் செயலிழக்கப்போகிறது என்று பயப்பட எதுவும் இல்லை. இடுப்பு பிடிப்பதற்கும் கால் விழுந்துபோவதற்கும் நடுவில் நெடுந்தூரம். இணையத்தில் அதை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

முதுகு வலியே இல்லாதவர்களுக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் ஒரு கட்டுரை வந்தது. 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. 50 வயதில் 60 சதவீதம். உங்கள் வயதில் அது தலையில் நாலு நரை தெரிகிற மாதிரிதான். ரிப்போர்ட்டில் இருக்கிறது என்பதற்காக, வலிக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. காலுக்கு இறங்கும் நரம்பு வலியும்கூடப் பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரத்தில் கத்தி வைக்காமலே அடங்கிவிடுகிறது. 'கடக்' சத்தம் வலியோடு சேர்ந்து வராதவரை அதை மறந்துவிடலாம்.

நீங்கள் பயப்பட வேண்டியது வேறொன்று. அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை.

தண்டுவடம் இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இறங்குவது குதிரை வால் போன்ற ஒரு நரம்புக் கொத்து. கால்களுக்கு மட்டுமல்ல, சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் போகும் நரம்புகளும் அதில்தான் இருக்கின்றன. டிஸ்க் பெரிதாக உடைந்து நடுவாகத் தள்ளினால் இந்தக் கொத்து மொத்தமாக நசுங்கும். அபூர்வமாகத்தான் நடக்கும், நடந்தால் மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டும். வலி இதற்கு அளவுகோல் அல்ல. பார்க்க வேண்டியது, சைக்கிள் சீட் படுகிற இடம் மரத்துப்போகிறதா என்பதை: பிறப்புறுப்பு, ஆசனவாய், உள்தொடை. கழுவும்போது தண்ணீர் படுவது சரியாகத் தெரியாது. ஒரு பக்கம் தெரிந்து இன்னொரு பக்கம் தெரியாமலும் இருக்கலாம். கூடவே சிறுநீரைக் கவனியுங்கள். பை நிறைந்தும் முட்டுகிற உணர்வு இல்லை, முக்கினால்தான் வருகிறது, அல்லது வருவதே தெரியாமல் கசிகிறது என்றால் அதுவும் இதே எச்சரிக்கைதான். இரண்டு கால்களிலும் சேர்ந்தாற்போல் வலி இறங்கினாலும் அப்படியே.

இவற்றில் ஒன்று புதிதாக வந்தாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது. இரவு 2 மணி என்றாலும் எம்.ஆர்.ஐ.யும் முதுகுத்தண்டு அறுவைசிகிச்சையும் உள்ள மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போதும். வண்டி இல்லையென்றால் 108. நசுங்கிய நரம்பை 48 மணி நேரத்துக்குள் விடுவிக்க வேண்டும் என்பார்கள். அதற்கும் முன்னால் என்றால் இன்னும் நல்லது. இங்கே தாமதமாவது பெரும்பாலும் கூச்சத்தால். "இதைப் போய் எப்படிச் சொல்வது" என்று மறைப்பார்கள். உடம்புச் சூடு என்று நினைத்து இளநீர் குடிப்பார்கள். யாரையாவது முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வார்கள். இரண்டு நாள் போய்விடும். போன உணர்வு பிறகு முழுதாகத் திரும்பும் என்று யாரும் உறுதி தர முடியாது.

குதிகாலால் பத்து அடி நடக்க முடியாமல் ஒரு பாதம் தொங்கினால், செருப்பு கழன்றது தெரியாமலே நடந்தால், ஓரிரு நாளுக்குள் மருத்துவரைப் பாருங்கள். மாலையில் காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, படுத்தாலும் ஓயாத வலி, இவை முதுகெலும்புக் காசநோய் போன்றவற்றின் பக்கம் நம்மைத் திருப்புபவை. உங்களுக்கு அப்படி எதுவும் இல்லை.

அடுத்து மாத்திரை. உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வரவழைத்த வரி அது. தவறாகக் குனிந்தால் 'போதும்' என்று சொல்வது வலி. அதன் வாயை முன்கூட்டியே பொத்திவிட்டு எடை தூக்கினால், எந்த அசைவு உங்களுக்கு ஆகாது என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் வகை வலி மாத்திரைகள் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். டெல்மிசார்டன் போன்ற பிரஷர் மாத்திரையோடும், நீர் பிரியும் மாத்திரையோடும் இவை சேரும்போது அடி விழுவது சிறுநீரகத்துக்கு. பயிற்சிக்காக மாத்திரை போடுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

இனி டம்பெல். 2 கிலோவுக்குப் பயப்படும் நீங்கள், 15 லிட்டர் குடத்தை யோசிக்காமல் இடுப்பில் ஏற்றுகிறீர்கள். 14.2 கிலோ எரிவாயு உள்ள சிலிண்டரை இரும்போடு சேர்த்து நகர்த்துகிறீர்கள். அது 30 கிலோவை நெருங்கும். முதுகு எடையை மட்டும் கணக்குப் பார்ப்பதில்லை. அந்த எடை உடம்பைவிட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கிறது.

இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி டம்பெல்லைத் தோள் உயரத்துக்குத் தூக்கும் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். எடை முதுகெலும்பிலிருந்து சுமார் 60 செ.மீ. தள்ளி நிற்கிறது. அதற்கு எதிராக இழுக்கும் முதுகுத் தசையோ முதுகெலும்பிலிருந்து 5 செ.மீ. தொலைவில்தான் இருக்கிறது. அதாவது 12 மடங்கு. கைகளில் இருப்பது 4 கிலோ. முதுகுத் தசை அதற்காக இழுப்பது ஏறக்குறைய 48 கிலோ. அதே 4 கிலோவை நெஞ்சோடு அணைத்து 20 செ.மீ.க்குள் வைத்திருந்தால் 16 கிலோதான். குனியும்போது இன்னொன்றும் சேர்கிறது: உங்கள் மேல் உடம்பு. அது உடல் எடையில் ஏறக்குறைய பாதி. கீழே விழுந்த காகிதத்தை எடுக்கும்போதுகூட இடுப்பு பிடித்துக்கொள்வது இதனால்தான். உங்களுக்குப் பிடித்த அந்த இரண்டு தடவையும் எப்போது என்று யோசித்துப் பாருங்கள். டம்பெல்லைத் தரையிலிருந்து எடுக்கும்போதோ, செட் முடிந்த களைப்பில் கீழே வைக்கும்போதோ நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

அதனால் டம்பெல் இனி தரையில் இருக்கக் கூடாது. கட்டில் மீதோ நாற்காலி மீதோ, தொடை உயரத்தில் இருக்கட்டும். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் பயிற்சி வேண்டாம். இரவெல்லாம் படுத்திருந்ததில் டிஸ்க் தண்ணீரை உறிஞ்சி விறைத்திருக்கும். பகலில் நம் உயரம் ஒன்றரை செ.மீ. வரை குறைகிறது, அதில் பாதி எழுந்த முதல் மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது. அதற்குள் குனிந்து நிமிர்வது வம்பை விலைக்கு வாங்குவது.

முதல் இரண்டு வாரம் டம்பெல்லே வேண்டாம். ஒட்டடைக் கம்பை முதுகோடு நிமிர்த்திப் பிடியுங்கள். பின்தலை, தோள்பட்டைகளின் நடு, இடுப்புக்குக் கீழே வால் எலும்பு, இந்த மூன்று இடத்திலும் கம்பு ஒட்டியிருக்கட்டும். முழங்காலை லேசாக மடக்கி, பின்பக்கத்தைப் பின்னால் தள்ளிக் குனியுங்கள். எந்த இடத்திலாவது கம்பு விலகினால் முதுகு வளைந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் இறங்க வேண்டாம். தினமும் 10 முறை. குடம், வாளி எல்லாவற்றுக்கும் இதே குனிவுதான். கூடவே முட்டி போட்டுக் கைகளை ஊன்றி, எதிரெதிர் கையையும் காலையும் நீட்டி 8 விநாடி நிறுத்துங்கள். பக்கத்துக்கு 6 முறை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகு இயக்கவியலை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் பிரபலப்படுத்திய மூன்று பயிற்சிகளில் இது ஒன்று. 10 விநாடிக்கு மேல் நிறுத்த வேண்டாம், எண்ணிக்கையைக் கூட்டலாம்.

மூன்றாவது வாரத்தில் டம்பெல்லை எடுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், ஒவ்வொன்றும் 8 முறை, இரண்டு செட். ஒரு கையைக் கட்டிலில் ஊன்றி, மறு கையால் டம்பெல்லை விலா நோக்கி இழுப்பது ஒன்று. ஊன்றிய கை முதுகின் சுமையை வாங்கிக்கொள்ளும். தரையில் மல்லாந்து முழங்காலை மடக்கி, டம்பெல்லை நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது இன்னொன்று. அதற்கு டம்பெல்லை வீட்டில் யாராவது கையில் தரட்டும். முடிந்ததும் டம்பெல்லோடு எழுந்து உட்காராதீர்கள். பக்கத்தில் வைத்துவிட்டு, ஒருக்களித்துக் கை ஊன்றி எழுங்கள். ஒரு டம்பெல்லை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு பிடித்து, நாற்காலி தொடும்வரை உட்கார்ந்து எழுவது மூன்றாவது. எழும்போது மூச்சை விடுங்கள். அடக்கினால் அழுத்தம் ஏறும். 12 முறை சுலபமாக வந்தால் அரைக் கிலோ கூட்டலாம்.

முன்னால் நீட்டித் தூக்குவது, குனிந்தபடி இரு கைகளாலும் இழுப்பது, டம்பெல்லோடு இடுப்பைத் திருகுவது, முழுதாக எழுந்து உட்காரும் சிட்-அப், இந்த நான்கும் வேண்டாம். பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து எழுந்தால் இடுப்புச் சதை கரையும் என்பது கதை. எந்த இடத்துத் தசை உழைக்கிறதோ அந்த இடத்துக் கொழுப்பு கரையும் என்று உடம்பு ஒப்பந்தம் எதுவும் போடவில்லை.

செய்யும்போது முதுகில் லேசான வலி இருந்து மறுநாள் காலைக்குள் அடங்கினால் தொடரலாம். கீழ்நோக்கி, தொடையைத் தாண்டிக் கெண்டைக்காலுக்கு இறங்கினால் அந்த அசைவை அப்போதே நிறுத்துங்கள். கால் வலி சுருங்கி முதுகுக்கு ஏறினால் "முதுகு வலி அதிகமாகிவிட்டதே" என்று பலர் பதறுகிறார்கள். அது நரம்பு விடுபடுகிற நல்ல அறிகுறி.

பெல்ட் நாள் முழுக்க வேண்டாம். நீண்ட பேருந்துப் பயணத்துக்கோ சிலிண்டர் நகர்த்தும் நேரத்துக்கோ போட்டுக்கொண்டு கழற்றிவிடுங்கள். இடுப்பு மறுபடி பிடித்தாலும் இரண்டு நாளுக்கு மேல் படுக்கையில் கிடக்காதீர்கள். வீட்டுக்குள்ளேயே மெல்ல நடங்கள். பயத்தில் இன்னொரு எம்.ஆர்.ஐ. எடுக்காதீர்கள். முதல் படத்தில் இருந்த அதே பிதுங்கல்தான் அதிலும் இருக்கும். இரண்டாவது தடவையும் காசு கொடுத்துப் பயப்படுவீர்கள்.