செகண்ட் ஹேண்ட் சொகுசு கார்: வாசகர் கேள்வி, நிபுணர் பதில்

கேள்வி: 2014 மாடல் பி.எம்.டபிள்யூ 320டி, 82,000 கி.மீ. ஓடியது, ஒரு புது மாருதியின் விலைக்கு வருகிறது. வாங்கலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: வாங்கலாம், ஆனால் மாருதிக்கு எடுத்து வைத்த பணம் மட்டும் போதாது. இறங்கியிருப்பது வண்டியின் விலைதான். இன்ஜெக்டர், வாட்டர் பம்ப், சஸ்பென்ஷன் ஆர்ம் எல்லாம் இன்றும் சொகுசு கார் விலையில்தான் வரும். பேசி முடிக்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்கையாவது முதல் வருடச் செலவுக்கென்று தனியே வையுங்கள். அது கையில் இல்லையென்றால் இந்த வண்டி வேண்டாம்.

முதலில் பார்க்க வேண்டியது டைமிங் செயின், அதாவது இன்ஜின் வால்வுகளை பிஸ்டன்களோடு தாளம் தப்பாமல் இயக்கும் சங்கிலி. இதிலுள்ள என்47 டீசல் இன்ஜினில் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. தேய்ந்தால் இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்கித்தான் மாற்ற முடியும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். விற்பவரிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள், நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யக் கூடாதென்று. காலையில் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பி, பானட்டைத் திறந்து, முன் கண்ணாடியை ஒட்டிய பக்கமாகக் காது கொடுங்கள். 1,500–2,000 ஆர்.பி.எம்.மில் சங்கிலி உரசுவதுபோல் சரசரத்தால் பேரமே வேண்டாம், திரும்பிவிடுங்கள்.

அடுத்து ஆயில் பில்கள். வண்டியின் கணினி ஆயில் மாற்ற 25,000 கி.மீ. வரைகூட அவகாசம் தரும். நம் ஊர் வெயிலுக்கும் நெரிசலுக்கும் அது அதிகம். 10,000 கி.மீ.க்கு ஒருமுறை, பி.எம்.டபிள்யூ.வின் எல்.எல்.-04 தரச் சான்றுள்ள 5டபிள்யூ-30 ஆயில் 5.2 லிட்டர் மாற்றியவரின் வண்டி கிடைத்தால் சற்று கூடக் கொடுத்தும் எடுக்கலாம்.

எட்டு கியர் ஆட்டோமேட்டிக்குக்கு 'ஆயுளுக்கும் ஆயில் மாற்ற வேண்டாம்' என்பார்கள். அந்த கியர்பாக்ஸைத் தயாரித்த ஸெட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது. ஃபில்டர், ஆயில் தேங்கும் பிளாஸ்டிக் அடித்தட்டோடு (ஆயில் பான்) சேர்ந்தே வருவதால் அந்தத் தட்டையும் மாற்ற வேண்டும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் 30–50 டிகிரி சூட்டில் இருக்கும்போது அளவு பார்க்க வேண்டும். அந்தச் சூட்டைக் கணினியில் காட்டும் ஸ்கேனர் இல்லாத ஒர்க்‌ஷாப்பில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

சென்னைப் பதிவு என்றால் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்கள் நினைவிருக்கட்டும். இதில் பேட்டரி டிக்கியில் இருக்கிறது. அதன் அடியில் துருவோ மண்ணோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். மேலே துடைத்திருப்பார்கள், உள்ளே சுருண்ட பகுதியில் சேற்றுக் கறை இருக்கும்.

கேள்வி: நான் பார்த்த பழைய ஆடி கியூ7, காலையில் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. 'வெறும் சென்சார்தான்' என்கிறார் விற்பவர். நம்பலாமா?
– வாசகர், மதுரை

பதில்: நம்பாதீர்கள். ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள் வண்டியைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷனில், பையின் ரப்பர் வெடித்துக் கசிவதுதான் வழக்கம். மாலையில் நான்கு சக்கரங்களிலும், சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் மறுபடி அளங்கள். இறங்கிய மூலையில் பையிலும் குழாய் இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் அடித்தால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். குமிழி இல்லையென்றால் பைகளுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் வால்வு பிளாக்கைச் சந்தேகியுங்கள்.

கசிவை ஈடுகட்ட கம்ப்ரசர் ஓயாமல் ஓடிச் சூடேறித் தேய்ந்திருக்கும். பையைச் சரிசெய்யாமல் கம்ப்ரசரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும். எனவே ஒரு அச்சுக்கு இரண்டு பை, ஒரு கம்ப்ரசர், அதன் ரிலே என்று எஸ்டிமேட் வாங்கி, மொத்தத்தையும் விலையில் கழித்துக் கேளுங்கள்.

கேள்வி: டெல்லி வண்டி இவ்வளவு மலிவு ஏன்?
– வாசகர், திருச்சி

பதில்: 10 ஆண்டு கடந்த டீசல் கார்களுக்கு அங்கே விதித்த தடையை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதிலிருந்து விலை விழுந்துவிட்டது. அங்குள்ள ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி.யை (தடையில்லாச் சான்று) கையில் வாங்காமல் முழுப் பணத்தையும் தராதீர்கள். இங்கே 12 மாதத்துக்குள் தமிழ்நாட்டுப் பதிவெண் வாங்கி வரியும் கட்ட வேண்டும். அந்த வரியை உங்கள் ஆர்.டி.ஓ.வில் முன்பே விசாரித்து, வண்டி விலையோடு கூட்டிப் பாருங்கள்.